நாலாவது கோப்பையைக் கழுவியவர்

கொழும்பில் ஒரு தமிழ்ப் புத்தகம் நாசமாகப் போவதற்கு முறையான வழி ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையில், பெயின்ட் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் தலைநகர்த் தமிழ் நூல் மேம்பாட்டு மன்றத்திடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அச்சுச் செலவு முழுவதும் மன்றத்தினுடையது. எழுதியவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அட்டை விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது. அட்டையைத் தீர்மானிப்பதற்கென்று முகப்பு அட்டைக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கவிதைத் தொகுதி என்றால் அந்தக் குழு சூரியனை உதிக்க வைக்கும். சிறுகதை என்றால் சூரியனை மறைய வைக்கும். ஆராய்ச்சி நூல் என்றால் சூரியன் இருக்காது, எழுதியவர் கோட் போட்டுக்கொண்டு நிற்பார். நீரிழிவு நோயாளருக்கான கைநூல் ஒன்றுக்குத் தட்டு நிறைய லட்டைப் போட்டார்கள். எழுதிய டொக்டர் பதறிப்போய் ஓடிவந்தபோது, நோய் எதனால் வருகிறது என்று சனங்களுக்குத் தெரியவேண்டாமா என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த டொக்டர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. அதையும் மன்றம் தன் சாதனைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த விவரம் ஒன்றும் தெரியாமல்தான் வெள்ளவத்தை ஸீனத் அங்கே போனாள்.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள் ஸீனத். அவள் எழுத வந்ததற்குக் காரணம் இலக்கிய தாகம் அல்ல. காரணம் அவளுடைய கணவர் பாயிஸ். பாயிஸ் நல்ல மனுஷன். தொழுகை தவறமாட்டார், வீட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பார், குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் டீவியில் ஒரு கொலைக் கதை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவேண்டியதுதான், "அந்தக் கண்ணாடி போட்டவன்தான் செஞ்சீக்கிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். கடைசியில் பார்த்தால் அந்தக் கண்ணாடி போட்டவனேதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஸீனத் ஒரு மர்மக் கதையைக்கூடக் கடைசிவரை நிம்மதியாகப் பார்த்ததில்லை. ஒருமுறை கல்கிசையில் தங்கை வீட்டுக்குப் போனபோது, அங்கே குடும்பமே கூடியிருந்து பார்த்த படத்தையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லி முடித்தார். தங்கை இன்றுவரை அவரை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

"நீங்க கண்டுபுடிக்கேலாத ஒரு கதைய நான் எழுதுறேன் பாருங்க" என்று ஸீனத் ஒருநாள் சொன்னாள். பாயிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நாவல் பிறந்தது.

நாவலின் பெயர் 'நாலாவது கோப்பை'. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் முர்ஷித் ஹாஜியார் என்ற வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்பவர்களைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி. தேத்தண்ணி குடித்த கையோடு ஹாஜியார் சரிந்து விழுந்து மவுத்தாகிவிடுகிறார். மேசையில் மூன்று கோப்பைகள் இருக்கின்றன, நான்கு பேர் குடித்திருக்கிறார்கள். நாலாவது கோப்பையை யாரோ கழுவி அலுமாரியில் வைத்துவிட்டார்கள். அது யார்? இரண்டாம் மாடி ஐறீன் மிஸ். பியானோ சொல்லிக்கொடுக்கும், எல்லோருக்கும் கேக் சுட்டுக் கொடுக்கும், ஒரு எறும்பைக்கூட மிதிக்காத ஐறீன் மிஸ். இது கடைசி அத்தியாயம்வரை ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது. ஐந்து வருடமாக ஸீனத் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பாயிஸ் தோற்றுப்போய்த் தன்னைப் பார்க்கும் அந்த ஒரு பார்வைக்காகத்தான் அத்தனையும்.

எழுதி முடித்துக் கொடுத்ததும் மன்றத்தார் முதல் கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள். புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் தியாகராசா, ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். ஓய்வுபெற்றார் என்ற செய்தியை அவருக்கு இன்னும் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. செயலாளர் பத்மாவதி ரீச்சர். மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் றேமண்ட். கலியாணக் கார்ட், தேவாலயத்து முதல் நன்மைக் கார்ட், மரண அறிவித்தல், தேர்தல் போஸ்டர் எல்லாம் அவன்தான் செய்வான். நேரம் கிடைத்தால் இலக்கியமும் செய்வான்.

"உங்கட நாவல் கோஸி மிஸ்டரி எண்டு சொல்லியிருக்கிறியள்" என்று தொடங்கினார் தியாகராசா. "அப்பிடியெண்டால் என்ன?"

"கொலை நடக்கும் சேர், ஆனா ரத்தம், வெட்டுக்குத்து ஒண்டும் ஈக்காது. பக்கத்து வீட்டு ஆக்கள், தேத்தண்ணி, ஊர்க் கதை. அதுக்குள்ள யார் செஞ்சதெண்டு கண்டுபுடிக்கிறது. பயப்படாம வாசிக்கலாம்."

"தெரியும். என்ர மகள் கனடாவில இருந்து அந்த வகை இங்கிலிஷ் புத்தகங்களின்ர அட்டைகளை அனுப்பினவ. எல்லாத்திலயும் ஒரு பூனை இருக்குது. ஆகவே பூனை சர்வதேச நியமம்."

"என்ட கதையில பூனை இல்லையே சேர்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மாவதி ரீச்சர் கனிவோடு முன்னால் சாய்ந்தார். "அதுக்கேன் கவலைப்படுறியள். சேர்த்துவிடலாம்."

"அட்டையிலயா டீச்சர்?"

"கதையில."

றேமண்ட் திரையைத் திருப்பிக் காட்டினான். ஏற்கனவே வேலை முடிந்திருந்தது. முழுநிலா. நிலாவுக்குக் கீழே வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. பங்களாவுக்கு முன்னால் தலைமயிரை விரித்துப்போட்ட ஒரு பெண். அவளுடைய தலைக்கு மேலே தானாக மிதக்கும் ஒரு கத்தி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். ஓரத்தில் ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடிக்குள் பூனை.

"தம்பி, இந்தக் கத்தி எதுக்கு? ஹாஜியார் நஞ்சு குடிச்சுத்தானே மவுத்தாகிறார்."

"மெடம், நஞ்சு போட்டா படத்துல தெரியாது. கத்தி போட்டா தூரத்துலயே தெரியும்."

"இந்தப் பங்களா? கதை தொடர்மாடியில நடக்குது."

"தொடர்மாடியில மர்மம் வராது மெடம். லிஃப்ட் இருக்கு."

பத்மாவதி ரீச்சருக்கும் படத்தில் குறை தெரிந்தது. விரித்த கூந்தல் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று சொல்லி அந்தப் பெண்ணுக்குக் கொண்டை போட வைத்தார். ரத்தத்தின் சிவப்பு ஒரு கட்சியின் நிறம் என்று தியாகராசா ஆட்சேபித்தார். பச்சையாக்கினார்கள், அதுவும் ஒரு கட்சி. நீலமாக்கினார்கள், அதுவும் ஒரு கட்சி. மத்தியானச் சாப்பாடு வரும்வரை விவாதித்து, மன்றம் எந்தப் பக்கமும் சாயாது என்பதை நாட்டுக்குக் காட்டும் விதமாக ரத்தத்தை ஊதா நிறத்தில் சொட்ட விட்டார்கள்.

ஸீனத் வீட்டுக்கு வந்து, பதினேழாம் பக்கத்தில் ஒரு பூனையைப் படிக்கட்டில் நடக்க விட்டாள். அது மேலே ஏறிப் போனது. பிறகு எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது.

இதோடு விட்டிருந்தால் அவளும் தலையெழுத்து என்று இருந்திருப்பாள். மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தியாகராசா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. அவர் எழுந்து நின்றால் அது உரை.

"எங்கட ஏழாம் விதி என்ன சொல்லுது? அட்டை உள்ளடக்கத்தை நேர்மையாப் பிரதிபலிக்க வேணும். மர்ம நாவலின்ர உள்ளடக்கம் என்ன? கொலைகாரன் ஆர் எண்டதுதான். மற்றதெல்லாம் நிரப்புறதுக்கு எழுதுறது. ஆகவே அட்டையில கொலைகாரன் இருக்க வேணும்."

ஸீனத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "சேர், அதைத்தானே கடைசிவரைக்கும் மறைக்கிறது. அது தெரிஞ்சா பொறகு யார் வாசிப்பாங்க?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். மறைக்கிறியள். பால்மா பைக்கற்றில உள்ளுக்கு என்ன இருக்குதெண்டு வெளியில போடுறான். பிஸ்கட்காரன் போடுறான். ஒரு பிஸ்கட்காரனுக்கு இருக்கிற நேர்மை ஒரு தமிழ் எழுத்தாளருக்கு இருக்கக்கூடாதோ? வாசகன் நம்பி வாங்கிறான். அவனிட்ட ஒரு விசயத்தை இருநூறு பக்கத்துக்கு ஒளிச்சு வைக்கிறதுக்கு சட்டத்தில என்ன பேர் தெரியுமோ?"

"நீங்க கதைய வாசிச்சுப் பாத்தீங்களா சேர்? வாசிச்சீங்கண்டா விளங்கும்."

அறை குளிர்ந்துபோனது. பத்மாவதி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் ஒருநாளும் வாசிக்கிறேல்லை" என்றார் தியாகராசா, ஒவ்வொரு சொல்லாக. "வாசிச்சால் ஒரு அபிப்பிராயம் வந்திடும். அபிப்பிராயம் வந்தால் நடுநிலை போயிடும். மன்றம் துவங்கின நாளில இருந்து இந்தக் குழுவில ஒராள்கூட ஒரு புத்தகத்தையும் வாசிச்சதெண்டு எங்கட எதிரிகளாலயே சொல்லேலாது."

கொலைகாரரைச் சொல்லாவிட்டால் இந்த வருடத்து இடம் காத்திருக்கும் அடுத்த நூலுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அடுத்த நூல் தியாகராசா எழுதிய கவிதைத் தொகுதி. அதற்குச் சூரியன் எப்போதோ உதித்துத் தயாராக நின்றது.

ஸீனத் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடம். ஐறீன் மிஸ்ஸின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் புத்தகமும் இல்லை. கடைசியில், எவ்வளவு குறைவாகச் சொல்லலாமோ அவ்வளவு குறைவாகச் சொன்னாள்.

"அந்தக் கோப்பையைக் கழுவி வச்ச ஆள்தான் சேர். பேர மட்டும் கேக்காதீங்க."

ஒரு கையும் ஒரு கோப்பையும் வரைவார்கள், அதோடு தப்பிவிடலாம் என்று நினைத்தாள். "போதும்" என்றார் பத்மாவதி ரீச்சர். "கழுவின இடத்தை மட்டும் நான் தேடி எடுக்கிறன். வாசிக்க மாட்டன், தேடத்தான் போறன்."

அன்று வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதாள். பாயிஸ் காது மெசினைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சண்டை, பிரசங்கம், தேர்தல் வண்டி, இந்த மூன்றுக்கும் அவர் அந்த மெசினைக் கழற்றி ஜேப்பில் போட்டுவிடுவார். மனைவி அழுதால் போட்டுக்கொள்வார்.

"எனத்தியன் நடந்த?"

"யார் கொன்டதெண்டு அட்டையில போடப் போறாங்களாம்."

"எனக்கு செல்லிராதீங்க" என்று பாயிஸ் கையை உயர்த்தினார். "நானே புடிக்கிறேன்."

அட்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, மையித்து எடுக்கும் சாவு வீட்டுக்குப் போகிற மனநிலையில்தான் ஸீனத் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். றேமண்ட் பெருமையோடு படத்தை நீட்டினான்.

நிலா இருந்தது. பங்களா இருந்தது. கொண்டை போட்ட பெண், ஊதா ரத்தம், பூனை எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவில் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் முன்னால் முறுக்கு மீசை வைத்த ஒரு வாலிபன் நின்று, பல்லை இளித்துக்கொண்டு சோற்றுப் பீங்கான் கழுவினான். பக்கத்தில் இன்னும் மூன்று பீங்கான்கள், அவற்றில் சோறும் மீன் முள்ளும். அவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. அது தேர்தல் போஸ்டரிலிருந்து கழற்றியது. அம்புக்குறியின் அடியில் 'கொலைகாரன்' என்று போட்டிருந்தது, கீழே 'சயந்தன்' என்று பெயரும் இருந்தது.

ஸீனத் படத்தை நேராகப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கதையில் சயந்தன் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன். ஒரு பாவமும் அறியாதவன். ஹாஜியார் வீட்டில் புரியாணி சாப்பிட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் தன் பீங்கானைத் தானே கழுவி வைத்தவன். நாற்பதாம் பக்கத்தில்.

"டீச்சர், இது சோத்துப் பீங்கான்..." என்று தொடங்கினாள்.

"ஓம், கோப்பைதானே" என்றார் பத்மாவதி ரீச்சர். "நாலு கோப்பை. எண்ணிப் பாருங்கோ, சரியாப் போட்டிருக்கு. சாப்பிட்ட கோப்பையைக் கழுவினது சயந்தன் எண்டு நாப்பதாம் பக்கத்தில கண்டன். அதோட புத்தகத்தை மூடிப்போட்டன்."

அப்போதுதான் ஸீனத்துக்குப் பொறி தட்டியது. அவளுடைய தொடர்மாடியில் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா சோறு போடக் கோப்பை கேட்பார். பிள்ளைகள் கோப்பையில் சோறு சாப்பிடும். யாழ்ப்பாணத்து வாயில் கோப்பை என்றால் சோற்றுத் தட்டு. ஸீனத்தின் வாயில் கோப்பை என்றால் தேத்தண்ணி குடிப்பது, சோறு தின்பது பீங்கானில். அவள் கொலைகாரரை ஒளிக்காமல்தான் சொன்னாள். இவர்கள் அதைத் தங்கள் பாஷையில் கேட்டார்கள். கேட்டு, அப்பாவி ஒருவனைப் பிடித்து அம்புக்குறி போட்டுவிட்டார்கள். அட்டையைப் பார்த்த எவனும் ஐறீன் மிஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டார் தியாகராசா.

"அருமையா ஈக்கிது சேர். ஒரு புள்ளியையும் மாத்தாதீங்க."

தியாகராசாவின் நெற்றி சுருங்கியது. அந்தக் குழுவின் வரலாற்றில் ஒரு அட்டையை எழுதியவரே நல்லது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதில் ஏதோ தப்பு இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதைத் தேட வாசிக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டார்.

ஸீனத் திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து ஸீட் பிள்ளை எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டது.

அச்சாகி வந்ததும் முதல் பிரதி பாயிஸின் கைக்குப் போனது. அட்டையைப் பார்த்த உடனேயே விழுந்து விழுந்து சிரித்தார். "அட மனுஷி, அட்டையிலயே செல்லீக்கிறாங்களே. சயந்தன்தான்."

"வாசிங்களே."

"வாசிக்கிறேன். சும்மா பொழுது போகட்டும்."

கண் ஒப்பரேஷன் செய்ததால் ஒரு மூச்சில் அவரால் நிறைய வாசிக்க முடியாது. பாதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. சயந்தன் தேத்தண்ணியே குடிக்கவில்லை என்பது அங்கேதான் வருகிறது. பாயிஸ் கண்ணாடியைத் துடைத்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொடியன் எப்பிடிச் செஞ்சீப்பான்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டார். ஸீனத் அவருக்கு இன்னொரு கரண்டி கறியை அள்ளி வைத்தாள். கடைசி அத்தியாயத்துக்கு முதல் அத்தியாயம்வரை போனவர், எங்கேயோ எதையோ தவறவிட்டேன் என்று சொல்லி மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். அப்படி ஒன்றை அவள் தன் ஆயுளில் கண்டதில்லை. மனம் பூரித்துப்போனது.

வெளியீட்டு விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது பேரிடி விழுந்தது. நூல் ஆய்வுரை நிகழ்த்த ஒப்புக்கொண்டிருந்த பேராசிரியருக்குக் காய்ச்சல். அந்தப் பொறுப்பு பத்மாவதி ரீச்சர் தலையில் விழுந்தது. அவர் வேறு வழியில்லாமல் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டார். அவசரக் கூட்டத்துக்கு ஸீனத்தையும் கூப்பிட்டார்கள்.

"ஐறீன் எண்டொரு மனுசி வருகுது" என்றார் பத்மாவதி ரீச்சர். "பியானோ பழக்கிறவவாம். கோப்பையைக் கழுவினது அவவாம்."

"தேத்தண்ணிக் கோப்பை டீச்சர்" என்றாள் ஸீனத். "நாங்க குடிக்கிறதத்தான் கோப்பை எண்டு செல்றது. சாப்பிடுறது பீங்கான்."

"குடிக்கிறது பேணியெல்லோ" என்றார் தியாகராசா.

"எனக்கு தெரியும்தான் சேர்" என்றான் றேமண்ட் மூலையிலிருந்து. "எங்க வீட்டுலயும் கோப்பை என்டா டீ குடிக்கிறதுதான். டீச்சர் சோத்துக் கோப்பை போடச் சொன்னாங்க, நான் போட்டேன். டிசைனர் கேள்வி கேக்கக் கூடாது என்டு ரெண்டாவது விதி இருக்கே."

தியாகராசா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு தீர்வு சொன்னார்: அட்டை முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. கதையை ஒருவரும் அங்கீகரிக்கவில்லை. ஆகவே பிழை கதையில்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தைச் சயந்தன் கொன்றதாகத் திருத்தி எழுதவேண்டும். அச்சாகிவிட்டதே என்று பத்மாவதி ரீச்சர் ஞாபகப்படுத்தியதும், மனமில்லாமல் இரண்டாவது தீர்வுக்கு இறங்கி வந்தார். ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் பிழைதிருத்தம் ஒட்டுவது.

"சேர், காலைப் புடிச்சுக் கேக்கிறேன்" என்றாள் ஸீனத். "அத ஒட்டாதீங்க. பிழையா ஈக்கிறதால ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்ல. அப்பிடியே விடுங்க."

"ஒரு அப்பாவியைக் கொலைகாரன் எண்டு போட்டிருக்கிறம். அந்தச் சயந்தனுக்கு ஒரு நியாயம் வேண்டாமோ?"

"அவன் கதையில வாற ஆள் சேர். அவனுக்கு உசிரே இல்ல."

"உயிர் இல்லாதவனுக்கும் மான நட்டம் உண்டு" என்றார் தியாகராசா. அதைச் சொன்னதும் தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய், விழாவில் மறுபடி சொல்வதற்காக இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விழா வெள்ளவத்தையில், ஒரு மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு, பொன்னாடை, ரோல்ஸ், பட்டீஸ், நெஸ்கஃபே எல்லாம் முறைப்படி இருந்தன. வாசலில் புத்தகங்கள் குவிந்திருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய ஸ்டிக்கர். நாவலின் பெயரையே அது மறைத்துவிட்டது. அதில் இருந்தது இதுதான்: 'பிழைதிருத்தம். முகப்பில் காணப்படும் திரு. சயந்தன் குற்றவாளி அல்லர். கொலையைச் செய்தவர் திருமதி ஐறீன் ஆவார். தவறுக்கு வருந்துகிறோம்.'

வாங்கியவர்கள் ஸ்டிக்கரை வாசித்தார்கள், 'ஓ' என்றார்கள், புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டீஸ் பக்கம் போனார்கள். ஸீனத் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருட வேலை தன் கண்ணெதிரே பட்டீஸ் தின்ற கையைத் துடைக்கும் தாளாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனந்தக் கண்ணீர் என்று அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்.

முன்வரிசையில் பாயிஸ் இருந்தார். ஸ்டிக்கர் ஒட்டாத முதல் பிரதியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். இரண்டாம் தடவை வாசிப்பு முடியப்போகிறது, கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். தியாகராசா மைக்கைப் பிடித்து "அவையோர்களே" என்றதுதான் தாமதம், பாயிஸ் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். மெசின் கழன்று ஜேப்புக்குள் போனது. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

ஸீனத் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உயிர் இல்லாதவனுக்கும் மான நட்டம் உண்டு" என்று முழங்கினார் தியாகராசா. "தவறு செய்தவர்கள் அதை மறைப்பார்கள். நாங்கள் மறைக்கிறேல்லை, ஒட்டுறம். கொலையைச் செய்தது ஐறீன். திரும்பவும் சொல்லுறன், பின்வரிசைக்குக் கேக்குதோ? பியானோ ரீச்சர் ஐறீன். இரண்டாம் மாடி."

மண்டபம் முழுவதற்கும் கேட்டது. வெளியே நின்ற ஓட்டோக்காரனுக்கும் கேட்டது. பாயிஸ் தலையைத் தூக்கவில்லை. மூக்கு பக்கத்தில் முட்டுகிற மாதிரிக் குனிந்திருந்தார். விரல் வரி வரியாக இறங்கியது. ஐறீன் என்ற பெயர் மைக்கிலிருந்து அவர் தலைக்கு மேலால் மூன்று தடவை, நான்கு தடவை போனது. பிறகு விரல் நின்றது. அவர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார். மெதுவாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது.

காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "ஐறீன் மிஸ்ஸா?" என்று பாயிஸ் மண்டபமே அதிரக் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார் தியாகராசா மைக்கில், கொஞ்சம் எரிச்சலோடு. "அதைத்தானே நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

பாயிஸுக்கு அது கேட்கவில்லை. அவர் மனைவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கையை வைத்தார். பிறகு அந்தக் கையை அவளை நோக்கி நெற்றிக்கு நேரே உயர்த்தி ஸலாம் வைத்தார். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம் அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் அந்த நிமிடம்தான் தெரிந்தது. ஸீனத்துக்கு அது போதுமாக இருந்தது.

விழா முடிந்து எல்லோரும் கலையும்போது தியாகராசா றேமண்டையும் கூட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"உங்கட அவருடைய முகத்தைப் பாத்தன். பிரமிச்சுப் போனார். அட்டை அந்தளவுக்கு வேலை செய்திருக்குது. உங்கட அடுத்த நாவலையும் மன்றமே போடும். என்ன கதை?"

ஸீனத் பொன்னாடையைக் கழற்றி நிதானமாக மடித்தாள். "ஒரு மன்றத்துத் தலைவரக் கொல்றாங்க சேர். மேடையில, மைக்கப் புடிச்சிட்டு ஈக்கக்குள்ள."

"நல்லது, சமகாலப் பிரச்சினை. கொலைகாரன் ஆர்? இப்பவே சொன்னால் றேமண்ட் வேலையைத் துவங்கலாம்."

"நான்தான். அட்டையில என்ட படத்தையே போடுங்க."

தியாகராசா திருப்தியோடு தலையாட்டினார். "பாத்தியோ றேமண்ட், இவ்வளவு நேர்மையா ஒரு எழுத்தாளரும் முதல் நாளிலேயே சொன்னதில்லை. உள்ளடக்கத்தோட சரியாப் பொருந்துது. குறிச்சுக்கொள்ளும்."

"பூனை, சேர்?" என்று கேட்டான் றேமண்ட்.

"அதையும் போடுங்க தம்பி" என்றாள் ஸீனத். "சாட்சிக்கு ஒண்டு வேணும்தானே."